மச்சான் அனுப்பிய ரொட்டி மெஷின்

பொள்ளாச்சியிலிருந்து பார்சல் வண்டியில் வந்த பெட்டியைக் கோபிநாத் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அனுப்பியவர் மோகனசுந்தரம் என்று படித்ததும் தூக்கிக்கொண்டு போய்த் தேங்காய் போட்டிருந்த அறைக்குள் வீசினான்.

மோகனசுந்தரம் அவன் மனைவி செல்வப்பிரியாவின் அண்ணன். செல்வப்பிரியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாலக்காட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தாள். கோபிநாத்துக்குச் சர்க்கரை இருந்ததால் அவனுடையது ஆகாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மகள் ஜீவிதா கோயமுத்தூரில் கல்லூரிக்குச் சேர்ந்திருந்த சமயம் அது. அவள் பேச்சை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது என்று செல்வப்பிரியா புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்போதுதான் மோகனசுந்தரம் தானாக வந்து, "என்ற கிட்னில ஒண்ணு எடுத்துக்கங்க மாப்ள" என்றார். பரிசோதனையெல்லாம் பொருந்தியது. ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கப் போகும்போது அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பல நாள் கழித்து ஒரு தடவை எடுத்து, "என்னால ஆகாதுங்க மாப்ள, மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதைக் கோபிநாத் தன் ஊரான எருத்தேன்பதி முழுக்கச் சொன்னான். டீக்கடையில் சொன்னான், பால் ஊற்றப் போன இடத்தில் சொன்னான், எழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் சொன்னான். கூடப் பிறந்தவளைச் சாக விட்டவன் என்று மச்சானின் பெயர் ஊரில் நாறிப்போயிற்று. கோபிநாத்துக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

"பார்சல்ல என்னங்க வந்துச்சு?" என்று கட்டிலில் படுத்தபடி செல்வப்பிரியா கேட்டாள்.

"கிட்னிக்குப் பதிலா உங்கண்ணன் ஒரு பொட்டி அனுப்பியிருக்காரு."

"ரொட்டி மெஷினா இருக்கோணும். எடுத்துட்டு வாங்க."

"உனக்கெப்படித் தெரியும்? நீ இன்னும் அந்தாளுகூடப் பேசிட்டிருக்கறயா?"

"பொறந்தவங்கூடப் பேசாம இருப்பாங்களா? எடுத்துட்டு வாங்கன்னா."

உப்பு அவளுக்கு ஆகாது. பழம் ஆகாது, தோப்பு நிறையக் காய்த்துத் தொங்கிய இளநீர் ஆகவே ஆகாது. தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் குடிக்க வேண்டும். சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. உப்பில்லாத மைதா ரொட்டி சாப்பிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கடை ரொட்டியில் உப்பு இருக்கும். வீட்டில் பிசைந்து செய்யலாம் என்றால், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்திருந்த கையில் பாரம் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் அண்ணனிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

பால் கேன் உயரத்துக்கு வெள்ளையாக இருந்தது மெஷின். உள்ளே ஒரு பாத்திரம், அதன் அடியில் மாவைப் பிசைய விரல் நீளத்தில் ஒரு துடுப்பு. தண்ணீரை ஊற்றி, மைதாவைக் கொட்டி, மேலே ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட்டால் அதுவே பிசைந்து, புளிக்க வைத்து, சுட்டும் கொடுத்துவிடும் என்று செல்வப்பிரியா படித்துச் சொன்னாள். கோபிநாத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்தான். மெஷின் கடமுடவென்று ஆடிப் பிசைவதை அவள் சாய்ந்து உட்கார்ந்து மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ரொட்டி பொங்கி எழுந்து, வெந்துகொண்டிருக்கும்போதே நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். உப்பில்லாத மாவு கட்டுக்கடங்காமல் பொங்கும், அந்த ஊர் வெயிலுக்கு இன்னும் வேகமாகப் பொங்கும் என்பது கோபிநாத்துக்குப் போகப்போகத்தான் புரிந்தது. ஈஸ்ட்டைக் குறைத்தான். ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றினான். பிசையும்போதே மூடியைத் திறந்து மாவை விரலால் அழுத்தி, ஒட்டினால் ஒரு கரண்டி மைதா, இறுகினால் ஒரு சொட்டுத் தண்ணீர் என்று சேர்க்கப் பழகினான். நடுவில் கரண்ட் போனால் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். அரைகுறையாகப் பிசைந்த மாவை அவன் திட்டிக்கொண்டே கையால் பிசைந்து, அடுப்பில் சட்டியை வைத்துச் சுட்டெடுப்பான்.

ஒரு நாள் ரொட்டி குழியாமல் வந்தது. துடுப்பு இருந்த இடத்தில் மட்டும் அடியில் ஓட்டை. செல்வப்பிரியா இரண்டு துண்டு சாப்பிட்டாள். அந்த மாசத்தில் அவள் ஒரு வேளைக்குச் சாப்பிட்டதிலேயே அதுதான் அதிகம்.

"எப்படி இருக்குது?"

"பஞ்ச மெல்லறாப்பல இருக்குதுங்க" என்று சிரித்தாள். "இன்னொண்ணு குடுங்க."

அதன்பிறகு அந்த மெஷின் ஓடாத நாள் இல்லை. ஆனால் அது ஆடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மச்சானின் முகம் கோபிநாத்தின் நினைவுக்கு வந்தது. மனைவிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டிலும் அந்த ஆளின் கை இருக்கிறதே என்று உள்ளுக்குள் புகைந்தான்.

மழைக்காலம் முடியும்போது அவளுக்குக் கால் வீங்கிக்கொண்டது. படுத்தால் மூச்சு வாங்கியது. இருதயமும் தளர்ந்துவிட்டது, இனி வேறு சிறுநீரகம் கிடைத்தாலும் ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர் கோபிநாத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே புரிந்துகொண்டு அண்ணனை வரச் சொல்லியிருந்தாள்.

மோகனசுந்தரம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு வருஷத்துக்குள் தலை முழுக்க நரைத்திருந்தது. கோபிநாத் வாங்க என்று கூப்பிடவில்லை.

"வாங்கண்ணா" என்றாள் செல்வப்பிரியா. "ஏனுங்க, அண்ணனுக்கு ரொட்டி வெட்டிக் குடுங்க."

அவன் அசையாமல் நின்றான். அவளே எழுந்திருக்கப் பார்த்ததும் வேறு வழியில்லாமல் வெட்டிக் கொண்டுவந்து தட்டை டொக்கென்று வைத்தான். மோகனசுந்தரம் ஒரு வாய் மென்றார். தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"அழுதா ஆச்சா?" என்றான் கோபிநாத். "அன்னிக்குப் போனை எடுத்திருந்தா இவ இன்னிக்கு எந்திரிச்சு நடந்திருப்பா. எங்கூட்டுல வந்து உக்காந்து அழுகறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?"

மோகனசுந்தரம் தங்கையைப் பார்த்தார். "சொல்லிர்றேன் சாமி. இனி என்னால சொமக்க முடியாது."

"நீங்க சும்மா இருங்கண்ணா, நானே சொல்றேன்." செல்வப்பிரியா மூச்சை நிதானப்படுத்திக்கொண்டாள். "வேண்டாம்னு சொன்னவ நானுங்க. எங்கண்ணன் பின்வாங்கல."

கோபிநாத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"வினோவ நினைச்சுப் பாருங்க" என்றாள்.

வினோ மோகனசுந்தரத்தின் ஒரே மகன். எட்டாவது படிக்கிற வயது. தசை கரைந்துபோகிற நோய். நடந்து பல வருஷம் ஆகிறது. குளிக்க, கக்கூஸ் போக, படுக்கையில் புரண்டு படுக்க எல்லாவற்றுக்கும் அப்பன்தான் தூக்க வேண்டும். அம்மாக்காரிக்கு முதுகெலும்பு தேய்ந்து குனியவே முடியாது.

"ஆபரேஷன் பண்ணினா மாசக்கணக்கா பாரம் தூக்கக் கூடாதுன்னாங்க. அப்பறம் எங்கண்ணனுக்கே ஒண்ணு ஆயிட்டா அந்தப் பையன யாருங்க தூக்குவாங்க? அண்ணன் எம்பேச்சக் கேக்கவே இல்ல. ஆள் வெச்சுக்கறேன், கட்டிலை மாத்திக்கறேன்னு என்னென்னமோ சொல்லுச்சு. கையெழுத்துப் போட்டா நான் டயாலிசிஸையே நிறுத்திருவேன்னு மெரட்டினேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நீங்க அண்ணன் கால்ல விழுந்து இழுத்துட்டு வந்திருப்பீங்க. அண்ணனும் வந்திருக்கும்."

அது உண்மைதான். மச்சானைப் பற்றி ஊரில் என்னவெல்லாம் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"அப்ப நானு? ஜீவிதா? எங்களை உட்டுட்டுப் போறதுக்கு நீயே முடிவு பண்ணிட்ட. ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணுல?"

செல்வப்பிரியா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மோகனசுந்தரம் தட்டில் இருந்ததை முழுதும் சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் கோபிநாத் தினமும் மாவு போட்டான், அவளைப் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனான், கால் அமுக்கிவிட்டான். பேச மட்டும் வரவில்லை. பேசினால் கத்திவிடுவோம் என்று பயந்தான். அவளும் வற்புறுத்தவில்லை. அப்படியே நாள்கள் போயின. தை பிறந்து சில நாளில், ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது கொழிஞ்சாம்பாறை தாண்டியதும், "கண்ணாடியச் சித்த எறக்குங்க" என்றாள். இறக்கினான். காற்று முகத்தில் அடிக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவள் சரிந்து அவன் கைமேல் விழுந்தாள். உள்ளே கொண்டுபோனார்கள். அவ்வளவுதான்.

வீட்டு முற்றத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி போட மோகனசுந்தரம் சேலையோடு வந்தார். கூட்டம் விலகி வழிவிடவில்லை. கோபிநாத்தின் அத்தை பழனாத்தாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "உசுரோட இருக்கறப்ப ஒண்ணும் குடுக்காதவன், இப்பச் சீலையத் தூக்கிட்டு வந்துட்டான்" என்றாள். யாரோ ஆமாம் போட்டார்கள். மோகனசுந்தரம் சேலையை மார்போடு பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

கோபிநாத் பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்தான்.

"அத்தை, வாய மூடுங்க. அவரு குடுக்கறேன்னுதான் நின்னாரு. வேண்டாம்னது இவதான். அவரு பையனுக்காக வேண்டாம்னுட்டா. எனக்கே பின்னாலதான் தெரியும். நான் ஊரெல்லாம் சொன்னது பொய்."

ஒப்பாரி நின்றுபோயிற்று. ஜீவிதா அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. மோகனசுந்தரம் குனிந்து தங்கைமேல் சேலையைப் போர்த்தினார். சுடுகாட்டுக்குப் போய் வந்ததும் அவர் உடனே கிளம்ப வேண்டியிருந்தது. வினோவைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விட்டு வந்திருந்தார். கார் வரை கோபிநாத் கூடவே நடந்தான். மன்னிப்புக் கேட்க நினைத்தான், கேட்காமல் கார்க் கதவைத் திறந்துவிட்டான். அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகுதான் சமையல்கட்டில் ஒரு நாற்றம் வருவதை ஜீவிதா கவனித்தாள். மெஷின் மூடியைத் திறந்தாள். அவள் இறந்த அன்று காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் கோபிநாத் மாவு போட்டு வைத்திருந்த ரொட்டி. பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பிடித்துப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவள் அதைச் சுரண்டி எடுத்துக் குப்பைக்குழியில் போட்டாள். கோபிநாத் பாத்திரத்தை வாங்கித் தொட்டிக்கல்லில் வைத்துத் தேய்த்துக் கழுவினான்.

"எனக்குக் கோவமா வருதுப்பா" என்றாள் ஜீவிதா.

"மாமா மேலயா?"

"அம்மா மேல."

அவன் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"எனக்கும்தான் கண்ணு" என்றான்.

அவள் அழவில்லை. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் போயிருந்த கரண்ட் வந்துவிட்டதாகத் தோட்டத்து ஆள் வரப்பிலிருந்து கூப்பிட்டான். கோபிநாத் எழுந்து மோட்டார் போடப் போனான்.