மதியத்துக்குள் உதிரும் பூ

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை.

மிசூரியில், மண்ணைவிடச் சுண்ணாம்புப் பாறையே அதிகம் தெரிகிற ஒரு புல்சரிவில், வெர்லின் ஸ்டாம்பர் விடிந்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. வேலிவரை போவார், வண்டித் தூசி கிளம்புகிறதா என்று பார்ப்பார், திரும்ப ஓடிவந்து குனிவார். காலடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மஞ்சள் பூ.

தங்கை ஆர்ஃபாவின் புருஷன் டாயில் மறுநாள் அந்த வழியே தன் வீட்டுக்குப் பாதை வெட்டப் போகிறான்.

"ரோட்டோரம் பூக்குற மஞ்சப்பூதானே மச்சான்," என்றிருந்தான்.

"இது காட்டு ஆளி மாப்ளே, ஆளிவிதைச் செடிக்குச் சொந்தம், லேசுல கிடைக்காது. அது வேற, இது வேற."

"வான்கோழியைக் கழுகுன்னு சொன்ன ஆளு நீங்க. ஆர்ஃபா வந்து பாத்துச் சொல்லட்டும், பாதையை வளைச்சே போட்டுடறேன்."

செடிகொடி விஷயத்தில் ஆர்ஃபா சொன்னால் அந்த வட்டாரமே கேட்கும். ஆனால் இந்தப் பூ காலையில் விரியும், மதியத்துக்குள் இதழைக் கொட்டிவிடும். வெர்லின் அவளுக்குப் போன் போட்டார்.

"எங்கேம்மா இருக்க?"

"அடுப்படியில. ஜாம் கொதிக்குதுண்ணே."

"பூ கொட்டிடும்."

"ஜாம் அடிபிடிச்சா நீயா வந்து சுரண்டுவ?"

வெயில் ஏறியது. வெர்லின் தொப்பியைப் பிடித்துப் பூவுக்கு நிழல் காட்டினார். போதவில்லை. வீட்டுக்கு ஓடி, தங்கை தைத்துக் கொடுத்த போர்வைகளை அள்ளிவந்து, நாலு கம்பு நட்டுக் கூடாரம் போட்டார். உள்ளே பனிபோலத் தண்ணீர் தெளித்தார். இன்னும் விடியவில்லை என்று பூ நம்பிவிட்டது. பூ மட்டுமா? சில்வண்டு கத்தத் தொடங்கியது. மின்மினி வந்தது. எங்கிருந்தோ ஓர் ஆந்தை நுழைந்து கம்பின்மேல் உட்கார்ந்தது. வெர்லினுக்கே கண் சொக்கியது. தூங்கினால் காரியம் கெட்டுவிடும் என்று தொடையைக் கிள்ளிக்கொண்டே கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

மாலை மயங்கும் நேரத்தில் ஆர்ஃபா புருஷனோடு வந்தாள். போர்வையை விலக்கினாள். பூ ஐந்து இதழோடு அப்படியே இருந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தண்டின்மேல் நகத்தை ஓட்டினாள்.

"வரிவரியா பள்ளம் இருக்கு. காட்டு ஆளிதான். பூவே வேண்டாம்ணே, தண்டே போதும். எதுக்கு என் போர்வையெல்லாம் இங்க கிடக்கு?"

டாயில் தலையைச் சொறிந்தான். "சரி, சொன்னா சொன்னதுதான். வளைச்சுப் போட்டுடறேன்."

டாயில் சொன்னது சொன்னதோடு சரி; அவன் வீட்டுப் பாதை அந்தச் சரிவில், பூ இருந்த இடத்தின்மேலேயே, இன்றைக்கும் கயிறு பிடித்தாற்போல நேராகத்தான் போகிறது.