காகிதக் கோப்பை

பெண் கேட்டு வந்த வீட்டின் நாற்காலியில் உட்காரும் முன் ஹஜ்ஜும்மா கைக்குட்டையை எடுத்து இருக்கையை இரண்டு தட்டுத் தட்டினார். தூசி ஒன்றும் இல்லை. காலையில்தான் வீட்டுப் பெண் ஈரத்துணியால் துடைத்திருந்தாள். ஹஜ்ஜும்மா தட்டியது தூசியை அல்ல.

"பொண்ணைப் பிடிச்சிருக்கு. அடக்கமா இருக்கா, மருந்துக்கடையில நல்ல வேலை. என் மகனும் சரின்னுட்டான். ஆனா..."

எதிரே நின்றிருந்த கற்பூரக்காவுக்கு இந்த 'ஆனா' புதிதல்ல. மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் ஏற்கெனவே இதில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடியிருந்தன.

கற்பூரக்கா என்பது தெரு வைத்த பெயர். பகலில் அவள் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் போர்வை மடிப்பாள். எந்த வீட்டில் ஒரு பெண் இறந்தாலும் அந்த உடலைக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, அடக்கத்துக்கு அனுப்பி வைப்பாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைப்பதால் வந்த பெயர் அது. கூலி வாங்க மாட்டாள். வாங்கியிருந்தால் ஒருவேளை தொழில் என்றாவது மதித்திருப்பார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தத் தெருவில் எல்லோருக்கும் அந்த வாசனை நன்றாகவே தெரியும். அதனால்தான் நான்கடி தள்ளி நின்றார்கள். வேலை முடிந்ததும் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் வரும், இவளுக்கு மட்டும் காகிதக் கோப்பை. குடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம் பாருங்கள். ஈமான் என்னும் இறைநம்பிக்கையில் சுத்தம் பாதி அல்லவா!

ஹஜ் முடித்து வந்த ஹஜ்ஜும்மா சாதாரணப் பெண்மணி அல்ல. வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டு மாடியில் பெண்கள் கூடுவார்கள், அவர் மார்க்க நூல்களை வாசிப்பார். படிக்கட்டு ஓரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பூரக்காவும் கேட்பாள். இறந்தவர் மய்யித்தைக் குளிப்பாட்டி, அதில் கண்ட குறையை மறைப்பவரை அல்லாஹ் நாற்பது முறை மன்னிக்கிறான் என்று போன மாதம் வாசித்துவிட்டு, தானும் அழுது மற்றவர்களையும் அழவைத்தார். அந்த நாற்பது மன்னிப்புக்குச் சொந்தக்காரியோடு சம்பந்தம் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பாட்டம் அழுதிருப்பார்.

"அந்த வேலையை நீ விட்டுடணும்" என்றார் ஹஜ்ஜும்மா. "சும்மா இல்ல, விட்டுட்டேன்னு நாலு பேருக்குத் தெரியணும். நன்மையான வேலைதான், நான் இல்லேங்கல. ஆனா நன்மை வேற, சம்பந்தம் வேற."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. தாய்க்கு அது தெரியும்.

"சரி, ஹஜ்ஜும்மா. இனிமே எந்த மய்யித்தையும் என் கை தொடாது. இது என் வாக்கு."

எட்டு நாள் கழித்து, காலைத் தொழுகை முடிந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"எங்க உம்மா போயிட்டாங்க" என்று தேம்பினார் ஹஜ்ஜும்மா. "உடனே கிளம்பி வா."

"இன்னாலில்லாஹி..." என்றவள் சற்று நிறுத்தினாள். "நான்தான் விட்டுட்டேனே, ஹஜ்ஜும்மா."

"அட, அது ஊருக்குச் சொன்னது. இது நம்ம வீடு!"

எட்டு நாளுக்கு முன் நாற்காலியைத் தட்டி உட்கார்ந்தவருக்கு, ஒரு மய்யித்து விழுந்ததும் தன் வீடு 'நம்ம வீடு' ஆகிவிட்டது. கற்பூரக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

கூடம் நிறையப் பெண்கள். வியாழக்கிழமைக் கூட்டம் முழுதும் அங்கேதான் இருந்தது. "பெத்த மக இருக்காங்க, அவங்களுக்குத்தான் முதல் உரிமை" என்றாள் கற்பூரக்கா. "நான் பக்கத்துல நின்னு சொல்லித் தரேன். கூட ரெண்டு பேரு வாங்க."

கூடம் மளமளவென்று நோயாளிகளால் நிறைந்தது. ஒருத்திக்குத் தலைசுற்றல். ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னொருத்தி, "எனக்கு மாசத்துல தொழுகை இல்லாத நாளு" என்று காதோடு சொன்னாள். அவளுக்கு வயது அறுபத்திரண்டு.

ஹஜ்ஜும்மா பல்லைக் கடித்தார். "இந்த நேரத்துலயா வாக்கைப் புடிச்சுத் தொங்குவ?"

"வாக்கு மாறுறவங்க நயவஞ்சகருங்கன்னு போன வியாழக்கிழமை நீங்கதானே வாசிச்சீங்க? படிக்கட்டுல உக்காந்தாலும் காது கேக்குமே, ஹஜ்ஜும்மா."

ஹஜ்ஜும்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உம்மா கிடந்த அறைக்குள் போனார். கற்பூரக்காவின் மகள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். கற்பூரக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சூடு சரியா இருக்கான்னு முழங்கையில ஊத்திப் பாருங்க. உயிரோட இருக்குறவங்களுக்குப் பாக்குற மாதிரியே. போர்வை விலகக் கூடாது. வலப்பக்கத்துலேருந்து ஆரம்பிங்க... மெதுவா. அவங்களுக்கு வலிக்கும்னே நெனச்சுக்கோங்க."

முதல் குவளைத் தண்ணீர் பாதி தரையில் சிந்தியது. இரண்டாவது சிந்தவில்லை. மூன்றாவதில் ஹஜ்ஜும்மா தன் உம்மாவின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரலிடுக்கைக் கூட விடாமல் கழுவினார். தலைமுடியை வாரி மூன்று பின்னலாகப் பின்னும்போது கை நின்றுவிட்டது.

"பள்ளிக்கூடம் போறப்ப எனக்கு இறுக்கிப் பின்னி விடுவாங்க. வலிக்குதுன்னு கத்துவேன்."

"நீங்க இறுக்காமப் பின்னுங்க" என்றாள் கற்பூரக்கா.

ஹஜ்ஜும்மா அழுதார். மாடியில் அழுத அழுகைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இதைப் பார்க்கக் கூட்டம் இல்லை. கடைசித் தண்ணீரில் அவரே கற்பூரத்தைக் கரைத்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, ஹஜ்ஜும்மாவின் தம்பி மனைவி தேநீர்த் தட்டோடு நின்றாள். கற்பூரக்காவுக்கு வழக்கம்போல் காகிதக் கோப்பை. ஹஜ்ஜும்மாவுக்காகப் பீங்கான் கோப்பையை நோக்கிப் போன கை, அவருடைய ஈரமான சட்டைக் கையைப் பார்த்ததும் அந்தரத்தில் நின்றது. பிறகு தட்டிலிருந்து இன்னொரு காகிதக் கோப்பை எழுந்தது. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, "மச்சி, சூடா இருக்கு, பாத்து" என்று பாசமாகத்தான் கொடுத்தாள்.

மாப்பிள்ளைப் பையன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்துவிட்டுக் கைபேசிக்குள் குனிந்துகொண்டான். கற்பூரக்காவின் மகள் அவனைப் பார்த்தாள். அவளுக்குக் குனிய இடம் இல்லை.

நான்காம் நாள் ஹஜ்ஜும்மா வந்தார். அதே நாற்காலி. இந்த முறை கைக்குட்டை வெளியே வரவில்லை.

"அன்னைக்குச் செஞ்சது..." குரல் தாழ்ந்தது. "நீதான் செஞ்சேன்னே இருக்கட்டும். என் சின்னவளுக்கு ஒரு வரன் வந்திருக்கு. அவங்க இதெல்லாம் பாக்குறவங்க. யாரு என்னன்னு இப்பவே விசாரிக்கிறாங்களாம். கூடத்துல இருந்தவங்ககிட்ட நான் பேசிட்டேன். அந்த அறையில பாத்ததை நீ வெளிய சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

முப்பது வருடத்தில் கற்பூரக்கா எத்தனையோ மறைத்திருக்கிறாள். புருஷன் அடித்த தழும்பு, பட்டினி கிடந்த வயிறு, மருமகள் கவனிக்காத படுக்கைப் புண். இப்படி ஒன்றை மறைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

"குறையைத்தான் மறைக்கச் சொல்லியிருக்கு, ஹஜ்ஜும்மா. பெத்தவளை மகளே குளிப்பாட்டி அனுப்பினது என்ன குறை?"

ஹஜ்ஜும்மாவின் முகம் சுருங்கியது. பேச்சை மாற்றுவதுபோல் நிமிர்ந்து, "சரி விடு. நிச்சயத்துக்கு நாள் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றார்.

மகள் தேநீர் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"நாங்க கொஞ்சம் யோசிக்கணும், மாமி."

"என்னத்தை?"

"உங்க வீட்டுல மய்யித்துக் குளிப்பாட்டினவங்க இருக்காங்களாமே. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" அவள் குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "நாங்க முடிவு சொல்ற வரைக்கும் உம்மா அவங்க வேலைக்குப் போவாங்க."

ஹஜ்ஜும்மா குனிந்து கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

பீங்கான்தான்.