தீயில் நின்ற முகங்கள்

என் புருஷன் மிக்கேலுக்குக் காலண்டரைப் பார்த்து வரைந்து வரைந்து வெறுத்துப் போயிருந்தது. போர்ட் பிளேயரில் தோணிகளுக்குப் பெயர் எழுதுவார், கடைகளுக்குப் போர்டு எழுதுவார். யாராவது சாமி படம் கேட்டால், மெட்ராஸ் கப்பலில் வந்த காலண்டரை எதிரில் மாட்டிக்கொள்வார். "சொந்தமா ஒண்ணு தோண மாட்டேங்குதே செல்வம்மா" என்று புலம்பாத நாள் இல்லை. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

அறுபத்து நாலாம் வருஷம், கல்லறைத் திருநாளுக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தின் படம் வேண்டும் என்று எங்கள் மாதா கோயில் சாமியார் கேட்டார். செத்தவர்களின் ஆத்துமாக்கள் மோட்சம் போகுமுன் பாவம் தீர, தீக்குள் நின்று கையேந்துகிற படம். ஊரில் நாங்கள் பார்த்த படங்களில் எல்லாம் வெள்ளைக்காரர்கள்தான் வெந்துகொண்டிருப்பார்கள்.

"இந்தத் தீவுல செத்துப்போறது வெள்ளக்காரனா? நம்ம சனந்தான?" என்றார் மிக்கேல். அன்றைக்கு அவர் கண்ணே சரியில்லை. சாத்தம் தீவு மரம் அறுக்கிற மில்லிலிருந்து, ரத்தச் சிவப்பான படாக் மரத்தின் தூளை அள்ளிவந்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுச் சிவப்பு எடுத்தார். அறைக்குள் யாரையும் விடவில்லை, என்னைக்கூட.

திருநாளன்று திரையை விலக்கியதும் கோயிலில் இருந்தவர்கள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். தீக்குள் நின்றது எல்லாம் எங்கள் ஆட்கள். மீன்பிடிக்கிற செபஸ்தியான், பள்ளிக்கூடத்து ஜெயமணி டீச்சர், எதிர்வீட்டு அன்னம்மாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறவர்கள். எங்கள் வீட்டு முகம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இல்லை. வெட்கமில்லாமல் நிம்மதிப்பட்டேன்.

செபஸ்தியான் மட்டும் சிரித்தான். "பக்கா நம்ம மூஞ்சிதாம்ல மிக்கேலு!" செத்தவர்களுக்கு ஏற்றுகிற மெழுகுதிரிகளில் ஒன்றை எடுத்து, "எனக்கு நானே ஏத்திக்கிடுதேன்" என்று தன் முகத்துக்கு எதிரில் வைத்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மறுநாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. தோணி மட்டும் காலியாகக் கரை ஒதுங்கியது.

அடுத்த வாரம் டீச்சர் காய்ச்சலில் படுத்தாள். பிறகென்ன, எங்கள் வாசலில் கூட்டம். "எம் மூஞ்சிய அழிச்சிருங்கண்ணே, நான் புள்ளகுட்டிக்காரி" என்று அன்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மிக்கேல் அழித்தார். ஒவ்வொரு முகத்தின் மேலும் தீயைப் பூசினார். மனுஷன் இடிந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ சோறு தண்ணியில்லாமல் படத்தையே பார்த்தபடி கிடந்தார்.

"வெறுந் தீய எப்படிக் கோயில்ல வைக்க? அடுத்தவன் மூஞ்சி வேண்டாம்னா நம்ம வீட்டு மூஞ்சி இருக்குல்லா?"

அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். எங்கள் மகள் கிளாரா ஜன்னலோரம் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தால், தீயின் நடுவில் பிள்ளையின் நெற்றியும் கண்ணும் கரிக்கோட்டில் ஏற்கெனவே வந்திருந்தன.

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? இந்தப் படத்த எரிச்சுப்போடுவேன்!"

"எரி. திரும்ப வரைவேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கை நீட்டி அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

கிளாராவை வெளியே அனுப்பிவிட்டு, முந்தானையால் அந்தக் கரிக்கோட்டைத் துடைத்தேன். பிறகு, அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவள விட்டுருங்க. என்னய வரைங்க."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் இல்லையா?

மிக்கேலின் முகம் மலர்ந்தது. "கைய ஏந்தினாப்ல வையி" என்று சொல்லிக்கொண்டே பிரஷை நனைத்தார்.