பிடி மாறிய ஜோடி

வெர்லின் ஸ்டாட்லர் என் நண்பர் என்று சொன்னால் எங்கள் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கவுன்டியின் கண்காட்சித் திடலில் மாடுகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகையைக் கழுவிவிட்டு, அங்கேதான் பழைய துப்பாக்கிச் சந்தை போடுவோம். அவர் மேஜையும் என் மேஜையும் பக்கத்துப் பக்கத்தில். காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து மேஜையை மடக்கும் வரை ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே இருப்போம். காப்பி மட்டும் பகிர்ந்துகொள்வோம்.

எங்கள் இருவருக்கும் பைத்தியம் ஒன்றுதான். சண்டைக்கான துப்பாக்கிகள் எங்களுக்கு வேண்டாம். காகிதத்தில் வட்டம் போட்டு அதன் நடுவில் ஓட்டை போடுவதற்கென்றே செய்த ரிவால்வர்கள் போதும். அதிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் செய்த இருபத்திரண்டு காலிபர் என்றால் நான் சாப்பாட்டையும் மறந்துவிடுவேன். அந்தக் காலத்து நீல மெருகை இன்று யாராலும் கொண்டுவர முடியாது. விஷயம் தெரியாதவர்கள் பளபளப்பைப் பார்த்து விலை சொல்வார்கள். எனக்கோ அதிகப் பளபளப்பைக் கண்டாலே சந்தேகம் வந்துவிடும். விளிம்புகள் கூராக இருக்கின்றனவா, எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். யாரோ ஒரு புண்ணியவான் புதுசாக்குகிறேன் என்று தேய்த்து மெருகேற்றியிருந்தால் பாதி மதிப்பு அன்றைக்கே போய்விட்டது.

எல்லாவற்றையும்விட ஸ்க்ரூவைப் பார்ப்பேன். கைப்பிடியின் இரண்டு மரக்கட்டைகளையும் ஒரே ஒரு ஸ்க்ரூதான் சேர்த்துப் பிடித்திருக்கும். அதன் பள்ளம் சிதையாமல் இருந்தால் யாரும் கழற்றவில்லை என்று அர்த்தம். நல்ல சேகரிப்பாளர் அதைத் தொடவே மாட்டார். கட்டையின் உள்முகத்தில் அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் குத்தியிருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டால் அதற்குப் பிறகு ஆயுளுக்கும் திருப்புளியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இது எங்கள் வேதம்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையில்தான் நாங்கள் அறிமுகமானோம். என்னுடைய ரிவால்வரின் எண் நாற்பத்தொன்றில் முடியும், அவருடையது நாற்பத்திரண்டில். தொழிற்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் நான் அவரிடம் விலை கேட்பேன். அவரும் என்னிடம் கேட்பார். இருவரும் மாட்டேன் என்போம். எனக்கு அந்த நாற்பத்திரண்டு வேண்டும். அதைவிட எதையும் நான் இத்தனை வருஷம் விரும்பியதில்லை, என் கணவர் ரே இதைப் படித்தாலும் பரவாயில்லை.

போன வசந்தத்தில் வெர்லின் மேஜையில் முதல்முறையாக விலைச் சீட்டுகள் இருந்தன. முட்டி போய்விட்டதாம், ஒஹாயோ பனியில் இனிமேல் காலம் தள்ள முடியாதாம். அரிசோனாவில் டூசான் பக்கம் மகள் வீட்டுக்கே போகிறார்களாம். அவர் மனைவி ஆர்டித் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தாள். அங்கே இடம் கிடையாது, அதனால் விலைபோகிற துப்பாக்கியை எல்லாம் விற்றுவிட வேண்டும். யாருமே வாங்காமல் மிஞ்சுவதை மட்டும் அவர் எடுத்து வரலாம். ஆர்டித் பேச்சு மாறமாட்டாள், வெர்லினும் அவளிடம் கொடுத்த வாக்கை மீறமாட்டார்.

நாற்பத்திரண்டை வாங்க டெக்சாஸ்காரர் ஒருவர் காத்திருந்தார். எல்லாப் பாகத்திலும் ஒரே எண் இருந்தால்தான் வாங்குவார், வாங்கியதைப் பெட்டகத்தில் பூட்டிவிடுவார். அவர் தருவதாகச் சொன்ன விலை என் சக்திக்கு மீறியது. அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வெர்லின் கூப்பிட்டார். கொலம்பஸிலிருந்து மதிப்பீட்டாளர் டுவேன் வருகிறார், ஜோடியை ஒன்றாக வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார், உன்னுடையதையும் கொண்டுவா என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னை வைத்து அவர் விலையை ஏற்றப்போகிறாரா? இருந்தாலும் போனேன். கடைசியாக ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாமே.

அவர்கள் சமையலறை மேஜையில் பச்சைத் துண்டு விரித்திருந்தார்கள். ஆர்டித் செர்ரி பை பலகாரம் சுட்டு ஆறவைத்திருந்தாள். நான் குண்டு போடும் சிலிண்டரைத் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டி, என்னுடையதை டுவேனிடம் கொடுத்தேன். சின்ன வயதுக்காரர், ஆனால் நிதானமான கை. சிலிண்டரை மூடும்போது சினிமாக்காரன் மாதிரி உதறாமல் இரண்டு கையாலும் மெதுவாகச் சேர்த்தார். அப்போதே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

எழுத்தில் கொடுக்கும் மதிப்பீடு என்பதால் கட்டையின் உள்முகத்தைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். வெர்லின் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் பல்லைப் பிடுங்கப் போகிற கலக்கம். டுவேன் பொருத்தமான திருப்புளியைத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் கீறல் படாமல் கழற்றினார். லென்ஸை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வெர்லினைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த அம்மாவோட துப்பாக்கியில நாப்பத்திரண்டோட கட்டை இருக்கு. உங்களோடதுல நாப்பத்தொண்ணோட கட்டை."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முதல்முதலாகச் சந்தித்த அந்த ஞாயிறு, ஜோடி என்று தெரிந்ததும் தலைகால் புரியாமல் இருவரும் அதே இடத்தில் கட்டைகளைக் கழற்றி எண்களைப் பார்த்துக் குதித்தோம். திரும்ப மாட்டும்போது மாற்றி மாட்டிவிட்டோம். அதன்பிறகு வேதத்தை மீறாமல் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. ஆசாரம் தவறாதவர்களாக இருந்ததால்தான் பதினைந்து வருஷம் இந்தத் தப்போடு வாழ்ந்திருக்கிறோம். வேறு எந்த மடையனாக இருந்தாலும் இடையில் ஒருமுறையாவது கழற்றிப் பார்த்திருப்பான்.

அதுவும் நான் சும்மாவா இருந்தேன்? அதற்கு முந்தின வருஷம்தான் இண்டியானாக்காரர் ஒருவர் எண் பொருந்தாத பிடியோடு வந்தபோது, அடுத்தவர் பல்செட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தேன். வெர்லினுக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. சிரிப்பில் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"பதினஞ்சு வருஷமா என் பல்செட்டு உன் வாயில இருந்திருக்கு ஜெனீவா."

"அதான் எனக்கு எதுவுமே ருசிக்கல" என்றேன்.

ஆர்டித் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இப்போது இதன் விலை என்ன ஆகும் என்று டுவேனிடம் கேட்டாள். இப்படியே இருந்தால் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், டெக்சாஸ்காரர் தொடக்கூட மாட்டார் என்றார் அவர்.

மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் என்னால் வாங்க முடியும். கணக்கு என் தலைக்குள் தானாகவே ஓடியது. மனசு பொங்கியது, மறைக்க விரும்பவில்லை. வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், நானே கட்டைகளை மாற்றி மாட்டினால் இரண்டும் சரியாகிவிடும். என் அலமாரியில் நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் அக்காள் தங்கை மாதிரி கிடக்கும். வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் டுவேன், இதற்கு ஏன் கவலைப்பட வேண்டும், இங்கேயே மாற்றி மாட்டிவிட்டால் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் சரி, டெக்சாஸ்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றார். சொல்லிவிட்டுத் திருப்புளியை வெர்லின் பக்கம் நகர்த்தினார்.

வெர்லின் அதை எடுத்தார். அவர் நேர்மையான மனிதர், வாக்குக் கொடுத்தவர், எடுக்காமல் என்ன செய்வார். ஆனால் கை வேலைக்குப் போகவில்லை. கட்டை இல்லாமல் எலும்பாகக் கிடந்த அந்த நாற்பத்திரண்டை இடது கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தார். சற்று முன் சிரித்த முகமா இது என்றிருந்தது. மற்ற துப்பாக்கிகள் போனபோதெல்லாம் அவர் இப்படி இல்லை, விலை பேசி வேடிக்கை காட்டித்தான் கொடுத்தார். இது போனால் தாங்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. யாரிடம் போனாலும்தான், என்னிடம் வந்தாலும்தான்.

நான் மேஜையில் கிடந்த நாற்பத்திரண்டின் கட்டைகள் இரண்டையும் வாரி எடுத்தேன்.

"இது என் துப்பாக்கியில இருந்தது. நான் தரமாட்டேன்."

டுவேன் திகைத்துப்போனார். மாற்றாவிட்டால் என்னுடையதன் மதிப்பும்தான் விழும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். தெரியும் என்றேன். தெரியாமல் என்ன, வயிறு எரியத்தான் செய்தது. முப்பதுகளின் மெருகு ஒரு கீறல் இல்லாமல் இருக்கிற துப்பாக்கிக்கு நானே வாழ்நாள் முழுக்கக் குறை வைக்கிறேன். இண்டியானாக்காரர் கேள்விப்பட்டால் வண்டி கட்டிக்கொண்டு வந்து சிரிப்பார்.

ஆர்டித்துக்குக் கோபம் வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்து என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப நீயே வாங்கிக்க ஜெனீவா. இத்தன வருஷம் உயிர எடுத்தியே. கொறஞ்ச வெலைக்கே எடுத்துட்டுப் போ. வெர்லின் ஒண்ணும் சொல்லமாட்டார்."

வெர்லின் துண்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மேஜையில் என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"பிடி மாறினத நான் வாங்கறதில்ல" என்றேன். "நம்ம சங்கத்துல எவனும் வாங்கமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

ஆர்டித் என் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. இடுப்பிலிருந்து கையை எடுத்து, அடுப்படிக்குப் போய், செர்ரிப் பலகாரத்தை வெட்டத் தொடங்கினாள். மிஞ்சினதைக் கொண்டுவரலாம் என்று சொன்னது சொன்னதுதான் என்று முதுகைக் காட்டியபடியே சொன்னாள். எனக்குத்தான் பெரிய துண்டாக வைத்தாள்.

டுவேன் அவரவர் துப்பாக்கியில் தப்பான கட்டைகளையே திரும்ப மாட்டினார். தொழில் தெரிந்த மனுஷனுக்கு அது எவ்வளவு வேதனை என்று அவர் விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் கிளம்பும்போது வெர்லின் முட்டியைப் பிடித்துக்கொண்டு என் வண்டி வரை நடந்து வந்தார். வெயில் நன்றாக இருந்தது. கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டார்.

"உனக்கு அது வேணாமா ஜெனீவா, நெஜமா?"

"வேணும்" என்றேன். "எப்பவும்போல மாசாமாசம் ஃபோன் பண்ணிக் கேப்பேன். குடுத்துடாத."