ஒரு வரிக்கு ஒரு கரண்டி

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது ராதாமணியின் தொண்டையில் வெறும் காற்றுதான் மிச்சமிருந்தது. மாமனார் கருத்தையா விடியற்காலையில் கண்ணை மூடியதிலிருந்து அழுத அழுகை அப்படி. கடம்பூரிலிருந்து ஒரு வேன், ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒரு வேன் என்று சொந்தக்காரப் பெண்கள் வந்து இறங்க இறங்க, வீட்டு மருமகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து ஒப்பாரியை முதலிலிருந்து எடுக்க வேண்டும். வேறொருத்தியாக இருந்தால் இரண்டு வேனுக்குப் பிறகு முந்தானையை வாயில் பொத்திச் சமாளித்திருப்பாள். இவள் இஸ்ரேலில் ஆறு வருஷமாக வேலை பார்ப்பவள், லீவில் வந்திருந்தாள். எங்கோ ஒரு வயசாளியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவளுக்கு மாமனாருக்காகக் கண்ணீர் வருமா என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்ததே. அவளும் வீம்புக்கு அழுதாள். மத்தியானத்துக்கு மேல் அது வீம்பாக இல்லை, நிஜமாகவே அழுதாள். நல்ல பேர் கிடைத்தது, குரல் போய்விட்டது.

எட்டரை மணிக்குப் பாட வேண்டும்.

அங்கே ஹைஃபாவில் ஹனுக்கா பண்டிகை. எட்டு நாள், பொழுது சாய்ந்ததும் நாளுக்கொன்றாகக் கூட்டி மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடுவார்கள். இவள் பார்த்துக்கொண்ட மிரியாமுக்குத் தொண்ணூற்றொரு வயது. கண் தெரியாது, நினைவும் பாதி போய்விட்டது. ராதாமணி லீவில் கிளம்பியதும், மாற்றாக வந்த பெண் ஊட்டினால் மிரியாம் வாயை இறுக்கிக்கொண்டாள். முதல் விளக்கன்று மகன் ஏலி போனை அவள் காதருகில் பிடித்தான். ராதாமணி இங்கிருந்து பண்டிகைப் பாட்டின் முதல் வரியைப் பாட, மிரியாம் இரண்டாம் வரியைப் பாடினாள். பாடத் திறந்த வாய்க்குள் ஏலி சூப்பை ஊட்டிவிட்டான். ஒரு வரிக்கு ஒரு கரண்டி. நாலு நாளாக அந்த ஒரு வேளைதான். வேறு யார் பாடினாலும், ராதாமணி பாடியதையே பதிவுசெய்து போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இதுவும் நின்றால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷம் போட்ட குழாயை மிரியாம் ரத்தத்தோடு பிடுங்கி எறிந்தபோது அது ராதாமணியின் மடியில்தான் விழுந்தது.

உப்புத் தண்ணீரில் மூன்று தடவை கொப்பளித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னைக்கி ஒரு நாளு விடேன் ராதா," என்றான் கணவன் தங்கப்பாண்டியன். "சனம் பூரா முன்னால இருக்கு. சாவு வீட்டுல பாட்டுன்னா என்ன நெனைப்பாவ?"

"அவிய இந்த ஒரு வேளதான் சாப்புடுதாவ." அவளுடைய பேச்சு அவளுக்கே பாதிதான் கேட்டது.

அவன் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டான்.

முந்தின நாள் மழையில் கரிசல் செருப்போடு அப்பியது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு பம்புசெட் ரூம் வரை போய், போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். திரையில், ஐந்தாம் நாளுக்கு ஐந்து மெழுகுவர்த்தி, பற்றவைக்க ஒன்று, ஆறும் எரிந்துகொண்டிருந்தன. மிரியாமின் கன்னம் இன்னும் ஒட்டிப்போயிருந்தது. ராதாமணி முதல் வரியை எடுத்தாள். கரகரவென்று ஏதோ வந்தது.

"இது யாரு?" என்றாள் மிரியாம் அவள் பாஷையில். "ராதாவைக் கூப்பிடு."

ராதாமணி மறுபடி எடுத்தாள். கரண்டியைத் தட்டிவிட்டு மிரியாம் கதவுப் பக்கம் திரும்பி, "ராதா, ராதா" என்று கூப்பிட்டாள். இங்கே இருக்கேன், இங்கதான் இருக்கேன் என்று வாயசைத்து என்ன பிரயோஜனம்? அந்தப் பாட்டுக்குக் கைதட்டு உண்டு, வரி முடிவில் இரண்டு, நடுவில் ஒன்று. வேறு வழி தெரியாமல் தட்ட ஆரம்பித்தாள். மெதுவாக, பிறகு பலமாக, உள்ளங்கை காந்தும்வரை தட்டினாள். மிரியாம் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

பின்னால் சேற்றில் காலடிச் சத்தம். மாமியார் வெயிலுகந்தம்மாள்.

"சுடுகாட்டுல அவிய தீ இன்னும் அடங்கல. அதுக்குள்ள கைதட்டுதியாட்டி?"

அவள் கத்தவில்லை. வந்து ராதாமணியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடியை விடவில்லை.

திரையில் மிரியாமின் உதடு அசைந்தது. இரண்டாம் வரியை மெல்லப் பாடி முடித்தாள். ஏலியின் கரண்டி பாதி வழியில் நிற்க, அடுத்த வரிக்கான கைதட்டுக்காகத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்.