கண்டக்டர் வீட்டுப் பூனை

உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டில் குழைத்து எலி வளைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள் தங்கை. கொல்லைப்புறத்தில் போர்வை போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் சிரித்தார்.

"அது முன்வாசல்தான். பின்வாசல் அந்தச் செடிக்கு அடியில இருக்கு."

"முன்னாடியே சொன்னா என்ன?"

"நீ இவ்வளவு ஆசையா வேலை பாக்கறப்ப எப்படிச் சொல்றது?"

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் கணவன் இறந்த பிறகு அண்ணனும் தங்கையும் இந்த வாடகை வீட்டுக்கு வந்தார்கள். முன்னறையில் அவள் தையல் மெஷின். அவர் இதயம் இனி அதிக நாள் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபோது, "கடைசி ஸ்டாப் வந்தா இறங்கத்தானே வேணும்" என்றவர், வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைக் கொல்லையில் போடச் சொன்னார். பூனைகள் வரும் இடம் அதுதான்.

தெருப் பூனைகள் சுவரேறி வந்து அவர் வைக்கும் பால்சோற்றைத் தின்றுவிட்டுப் போகும். கொழுத்த சாம்பல்நிறக் கடுவனுக்குச் 'செக்கர்' என்று பேர் வைத்திருந்தார். பஸ்ஸில் ஏறும் டிக்கெட் செக்கர் மாதிரியே சொல்லாமல் கொள்ளாமல் வரும், மூலை மூலையாக முறைத்துப் பார்க்கும், ஒருத்தரையும் பிடிக்காமல் இறங்கிப் போய்விடும். எலிகளுக்கு அதனிடம் துளி பயம் கிடையாது. போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பைக் கடித்துக் குதறிவிட்டன. தங்கை புதுத் துணி எடுத்து, கண் எரிய எரிய மறுபடி தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் எலி மருந்து வைக்கும்படி ஹவுஸ் ஓனரிடம் கேட்டாள்.

சிமெண்ட் காய்வதற்குள் ஹவுஸ் ஓனர் மருந்துப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"மருந்து தின்ன எலியப் பூனை தின்னும். அதுவும் போய்ச் சேரும் சார்," என்று அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "நான் இருக்கற வரைக்கும் வேணாமே."

ஹவுஸ் ஓனர் தங்கையைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல் கையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டினாள். "சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

"பூனைக்கு நீ பேசற. என் துணிக்கு யாரு பேசுவா?"

"செக்கர்கிட்ட சொல்லியிருக்கேன். பிடிச்சுடும்."

"கிழிச்சுது."

மதியம் அவர் நன்றாகச் சாப்பிட்டார். மீனைத் தானே முள் பார்த்துப் பிரித்துத் தின்றார். முள்ளைப் பூனைகளுக்குப் போட்டார். அவள் துணி உலர்த்திக்கொண்டே, தைக்க வந்த ஒருத்தியின் கதையைச் சொன்னாள். "போன வருஷ அளவுலயே தைங்கன்றா. உடம்பு கேக்க வேணாமா?" பின்னால் சிரிப்புச் சத்தம் வரவில்லை. தூங்கிவிட்டார் போல என்று நினைத்து, மிச்சக் கதையைத் தணிந்த குரலில் சொல்லி முடித்தாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளைத் தொட்டாள்.

முகத்தில் வெயில் விழுந்திருந்தது. நாற்காலியை நிழலுக்கு நகர்த்தப் போனவள், கையை எடுத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை, தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு முன்னறையில் கட்டில் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த டிரைவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு எலி வெளியே வந்தது. இத்தனை பேரைப் பார்த்ததும் அதற்கு வழி தெரியவில்லை. பெண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். ஹவுஸ் ஓனர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். அடுக்களைப் பக்கமிருந்து செக்கர் பாய்ந்து வந்தது. கட்டிலுக்கு அடியில் நுழைந்து, டிரைவரின் காலை இடித்துவிட்டு, கதவோரம் எலியை அமுக்கியது. வாயில் கவ்விக்கொண்டு எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் நடந்தது.

டிரைவர் கலங்கிய கண்ணோடு தலையை ஆட்டினார்.

"எங்க சர்வீஸ்ல எந்தச் செக்கரும் இப்படிப் பிடிச்சதில்ல. அந்த எலி டிக்கெட் எடுக்காத ஆளுதான் போல."

தங்கை முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி அணைத்துக்கொள்ள வந்து, அவள் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டாள். பிறகு அந்த அறையில் யாராலும் அடக்க முடியவில்லை.

ஹவுஸ் ஓனர் நாற்காலியிலிருந்து இறங்கிச் சட்டையைச் சரிசெய்தார். "மருந்தெல்லாம் வேணாம்மா. அதான் வேலைக்கு ஆள் இருக்கே."

"அத நம்பாதீங்க சார்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "இன்னைக்கு ஒரு நாள்தான் வேலை பாத்திருக்கு."

வெயில் ஏறுமுன் அண்ணனை எடுத்துப் போனார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி சோறு கொண்டுவந்தாள். ஒரு வாயாவது சாப்பிடு என்று கெஞ்சுவதற்குத் தயாராக நின்றாள். தங்கை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்காக்கா?"

பக்கத்து வீட்டுக்காரி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, அடியில் இருந்ததையும் வழித்துப் போட்டாள்.