மரம் விழுந்தால் எதுவரை

மருந்துக்கடை அக்கா கொல்லையில் நின்றுகொண்டு, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவைக் கண்ணில் வைத்து நாவல் மரத்து உச்சியைப் பார்த்தபோது, பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவள், எடுத்த துணியைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு நின்றாள். தெருவுக்குச் சேதி அப்படித்தான் போயிற்று.

விஷயம் இதுதான். பின்வீட்டுக் கொழுந்தனுக்குக் காற்றடித்தால் தூக்கம் வராது. மரம் தன் தலைமேல்தான் விழும் என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை மரம் வெட்டுகிறவரை வரச் சொல்லிவிட்டார். அக்காவுக்கோ, நாளெல்லாம் கடையில் நின்ற காலை நீட்டி, யாருக்கும் பதில் சொல்லாமல் அரைமணி நேரம் உட்கார அந்த நிழல் ஒன்றுதான் உண்டு. உங்கள் சுவருக்கு எட்டாது என்றாள். "எட்டாதுன்னு கணக்குல காட்டுங்க அண்ணி, விட்டுடறேன்" என்று சிரித்தார். வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அண்ணியின் கணக்கு லட்சணம் குடும்பத்துக்கே தெரியும். மகனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது, பால் பொங்குகிறதென்று நடுவில் எழுந்து ஓடியவள். இன்னும் திரும்பி வரவில்லை. மகனுக்கு வேலையே கிடைத்துவிட்டது.

அவனுடைய பழைய பாடப்புத்தகம் ஃப்ரிட்ஜ் காலுக்கடியில் இருந்தது. உருவினாள், ஃப்ரிட்ஜ் அன்றிலிருந்து ஆடுகிறது. முக்கோணத்துக்குப் போகுமுன் பின்னத்திலேயே தடுக்கி விழுந்தாள். அரை மாத்திரை, கால் மாத்திரை என்று நினைத்துக்கொண்டதும் அது வழிக்கு வந்தது. சைன், காஸ், டேன் மூன்றும் ஒரே ஜாடையுள்ள அண்ணன் தம்பிகள் மாதிரி ஆள்மாறிக்கொண்டே இருந்தன. மருந்து உறைகளின் பின்னால் முக்கோணம் போட்டுப் பார்த்தாள். ஒரு இருமல்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை வேளை என்று கேட்கத் திரும்பி வந்தார். கடைசியில் ஒன்று பிடிபட்டது. உச்சி நாற்பத்தைந்து டிகிரியில் தெரிகிற இடத்தில் நின்றால், மரம் எவ்வளவு தூரமோ அவ்வளவு உயரம். அங்கே டேன் வெறும் ஒன்று. அவளுக்குப் பிடித்துப்போனவன் அவன்தான்.

பாகைமானியில் ஸ்ட்ராவை ஒட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு அளந்தாள். முப்பதடி. சுவரோ மரத்திலிருந்து முப்பத்திரண்டில். கொழுந்தன் முகம் சுண்டிப்போனாலும் சொன்ன பேச்சு மாறவில்லை, மரத்தை விட்டுவிடுவதாகத் தலையாட்டினார்.

சனிக்கிழமை கடையில் மேல்தட்டு டானிக்கை அண்ணாந்து பார்த்தபோதுதான் சுருக்கென்றது. கோடு கிளம்பியது அவள் கண்ணிலிருந்து; தரையிலிருந்து அல்ல. தரையிலிருந்து கண்வரைக்குமான நாலரை அடியை அவள் கூட்டவே இல்லை. மரம் விழுந்தால் உச்சி சுவரைத் தாண்டும். இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் நிழல் அவளுடையது. சாயங்காலம் காற்று எழுந்தது. பின்வீட்டில் கட்டிலை அறையின் மறுகோடிக்கு இழுக்கிற சத்தம் கேட்டது.

போய் நின்றாள். "தம்பி, நான் தப்பா போட்டுட்டேன். எட்டும்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப வெட்டிடலாமா?"

"முழுசா வேணாம். எதுவரைக்கும்னு நாளைக்குக் காட்டறேன்."

ஞாயிறு காலை, கொழுந்தன் சுவரில் தலை முட்டும்படி தரையில் மல்லாந்து படுத்து, ஸ்ட்ராவைக் கண்ணில் வைத்தாள். மயக்கம் போட்டுவிட்டாள் என்று மாடிக்காரி தண்ணீரோடு ஓடிவந்தாள். இங்கேயிருந்து பார்க்க, நாற்பத்தைந்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் வம்பு, அதை எடுத்துவிட்டால் மிச்சம் விழுந்தாலும் சுவரைத் தாண்டாது என்று படுத்தபடியே விளக்கினாள். மாடிக்காரிக்குப் புரியவில்லை, ஆனாலும் போகவில்லை.

மேலே, கிளைக் கவட்டையில் ரம்பத்தோடு நின்றவர் குரல் கொடுத்தார்: "இங்கயாம்மா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

கொழுந்தன் பக்கத்தில் குந்தி, நூல் ஆடாமல் இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டிருந்தார். நட்டு அசைந்தது, அசைந்தது, மெல்ல நிற்கப் பார்த்தது.